திமிங்கலப் படகுக்குச் சீட்டுப் போட்ட கதை

எங்கள் வீட்டில் பெரிய காரியம் எதையும் யாரும் முடிவு செய்ததில்லை. சீட்டுதான் முடிவு செய்யும். பாளையங்கோட்டையில் எங்களைப் போன்ற பழைய கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றில் இந்தப் பழக்கம் உண்டு. இரண்டு மூன்று வழிகள் முன்னால் நின்று மனசு குழம்பினால், ஒவ்வொன்றையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சுருட்டி, கிண்ணத்தில் போட்டு, ஜெபம் செய்துவிட்டு, வீட்டில் இருப்பதிலேயே சின்னப் பிள்ளையைக் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எடுத்ததுதான் கர்த்தருடைய சித்தம். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

எங்கள் வீட்டில் ஜெபம் அம்மாவுடைய பொறுப்பு, எழுதுவது அப்பாவுடையது. அப்பா பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியாராக இருந்தவர். கரும்பலகையில் எழுதிப் பழகிய முத்து முத்தான எழுத்து. பழைய பரீட்சைத் தாளின் எழுதாத ஓரத்தை ஸ்கேல் வைத்துக் கிழித்து, எல்லாச் சீட்டையும் ஒரே கனத்தில் சுருட்டுவார். அம்மாவின் ஜெபம் சீக்கிரம் முடியாது. தெருவில் உள்ள நோயாளிகள், பரீட்சை எழுதும் பிள்ளைகள், வரன் தேடும் வீடுகள் எல்லாரையும் தொட்டுவிட்டு அவள் எங்கள் விஷயத்துக்கு வரும்போது கிண்ணத்தைப் பிடித்திருக்கும் என் கை மரத்துப்போயிருக்கும். நான் ஒற்றைப் பிள்ளை. ஆகவே எடுப்பது எப்போதும் நான்தான்.

எடுத்ததை அம்மா பிரித்து வாசிப்பாள். மிச்சச் சீட்டுகளை யாரும் பிரிக்கக் கூடாது. அது அப்பா வைத்த சட்டம். "பிரிச்சுப் பாத்தா மனசு அங்கயும் இங்கயும் ஆடும்" என்று சொல்லி, அவரே அள்ளிக்கொண்டு போய் விறகடுப்பில் போட்டுவிட்டு வருவார்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருஷம் போட்டதுதான் எங்கள் வீட்டிலேயே பெரிய சீட்டு. உள்ளூர்க் கல்லூரி, ஆசிரியப் பயிற்சிப் பள்ளி, மெட்ராஸ் என்று மூன்று வழிகள். நான் மெட்ராஸுக்குத்தான் போவேன் என்று ஒரு மாதமாக முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தேன். அம்மா வேண்டவே வேண்டாம் என்றாள். "ஒத்தப் பிள்ளைய அம்புட்டுத் தூரம் அனுப்பிட்டு நான் யாரு மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருப்பேன்?" என்று அழுதாள். அப்பா இந்தப் பக்கமும் பேசவில்லை, அந்தப் பக்கமும் பேசவில்லை. அவருக்கு எது இஷ்டம் என்று எங்கள் இருவருக்கும் தெரியவே தெரியாது. "சீட்டுப் போட்டுருவோம்" என்று மட்டும் ஒருநாள் சொன்னார்.

கண்ணை மூடி எடுத்தேன். அம்மா பிரித்தாள். "மெட்ராஸ்" என்று வாசித்தாள். அதோடு அழுகையை நிறுத்திவிட்டாள். மறுநாளே என் பெட்டிக்கு உறை தைக்க உட்கார்ந்துவிட்டாள்.

விடுதியில் முதல் வருஷம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நான் "வாரேன், போறேன்" என்று இழுத்துப் பேசுவதைக் கேட்டு அறையில் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பெட்டியைக் கட்டிவிடலாம் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தச் சீட்டுதான். நானாக வரவில்லை, அனுப்பப்பட்டிருக்கிறேன். என் கையாலேயே எடுத்தேன். கர்த்தருக்குத் தெரியாததா என்று கண்ணைத் துடைத்துக்கொள்வேன். படித்து முடித்து, ஊருக்குத் திரும்பி, கல்லூரி ஆசிரியை ஆகி, கல்யாணமாகி, பிள்ளை பெற்ற பிறகும் அந்த நம்பிக்கை என்னிடம் அப்படியே இருந்தது.

இனி திமிங்கலத்துக்கு வருகிறேன்.

என் மகள் கைக்குழந்தையாக இருந்த சமயம், பொங்கலுக்குச் சில நாட்கள் முன்பு, மணப்பாடு பக்கம் கடற்கரையில் திமிங்கலங்கள் கூட்டமாக ஒதுங்கின. செய்தி கேட்டதும் அப்பா திருச்செந்தூர் பஸ் ஏறிவிட்டார். தனியாக விட மனமில்லாமல் குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நானும் கூடப் போனேன். ஞாயிறு பள்ளியில் கேட்ட வேதக் கதையில் ஆளை விழுங்கிய பெரிய மீனைத் தவிர அதுவரை நான் அறிந்த திமிங்கலம் எதுவும் இல்லை. கரையில் கறுப்பாக, ஈரமாக, வரிசையாகக் கிடந்தன. மீனவர்கள் கயிறு கட்டிப் படகால் இழுத்துக்கொண்டு போய் ஆழத்தில் விட்டார்கள். விட்டது கொஞ்ச நேரத்தில் திரும்பக் கரைக்கே வந்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு யாரிடமோ வாளி வாங்கி ஒன்றின் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். நாங்கள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அதன் கண் மூடியிருந்தது.

திரும்பி வந்து பாளை பஸ் நிலையத்தில் இறங்கும்போது அப்பா சொன்னார்: "தள்ளிவிட்டாலும் திரும்பி வந்துட்டு பாத்தியா. ஒரு தடவையாவது உயிரோட, நல்லா இருக்கதைப் பாக்கணும் மக்கா."

தனக்கு இது வேண்டும் என்று அப்பா வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நானும் தலையாட்டினேன். அதன் பிறகு எட்டு ஒன்பது வருஷம் சும்மாவே இருந்தேன்.

போன வருஷம் அவர் மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்று மூச்சு வாங்குவதைப் பார்த்தேன். இனியும் தள்ளிப்போட்டால் நடக்காது. இலங்கையின் தெற்குக் கரையில் மிரிஸ்ஸாவில் திமிங்கலம் காட்டக் கூட்டிப்போகிறார்கள், மதுரையில் விமானம் ஏறினால் கொழும்பு ஒரு மணி நேரம் என்று தெரிந்துகொண்டேன். ஆனால் அதற்கும் பருவம் இருக்கிறது. மார்கழி, தை நல்லது. கிறிஸ்துமஸுக்கு ஊரைவிட்டுப் போகலாம் என்று நான் சொன்னால் அம்மா என்னைத் தலைமுழுகிவிடுவாள். மே மாதம் அங்கே கடல் பொங்கிவிடும். ஈஸ்டரும் முடிந்து, மகளுக்குப் பரீட்சையும் முடிந்து, எங்களுக்குக் கிடைத்தது ஏப்ரல் கடைசியில் நாலு நாள்.

ஊரைத் தேர்ந்தெடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். படகைத் தேர்ந்தெடுக்க ஒரு மாதம் ஆயிற்று.

என் கணவர் பேட்டையில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறார். உலகத்தில் எதைப் பார்த்தாலும் முதலில் எஞ்சினைத்தான் பார்ப்பார். இருபது பேர் மட்டும் போகிற ஒரு வேகப் படகைப் பிடித்துக்கொண்டு அதை விடவே மாட்டேன் என்றார். "ரெண்டு எஞ்சின் போட்டிருக்கான். ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணு கொண்டாந்து சேர்த்துரும். அரை மணி நேரத்துல திமிங்கலம் பக்கத்துல நிப்போம்."

நான் பார்த்து வைத்தது வேறு. அது நடுத்தரமான படகு. திமிங்கலத்தைத் துரத்த மாட்டோம், தூரத்திலேயே எஞ்சினை நிறுத்திவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள். மணப்பாட்டில் பார்த்த பிறகு எனக்கு அந்த வரி ஒன்றே போதுமாக இருந்தது. என் மகளுக்கோ மூன்றாவதாக ஒன்று. நூறு பேர் ஏறுகிற இரண்டு தட்டுப் பெரிய படகு, வெளியே டால்பின் படம், ஏறியதும் முட்டையும் வாழைப்பழமும் கொடுப்பார்களாம். அதில் போய்வந்தவர்கள் எழுதியதைப் படித்தால், கல்யாண வீடு மாதிரிக் கூட்டம், ஆமை வேகம், எட்டி நின்றுதான் பார்த்தோம் என்று ஒரே புலம்பல். அம்மாவுக்கு எதுவும் பொருட்டில்லை. "எதுல போனாலும் நான் கண்ணை மூடிக்கிட்டுத்தான் வருவேன்" என்றாள்.

அப்பாவுக்குப் போனில் வாசிக்கக் கண் பிடிக்காது. மூன்று படகுகளின் விவரத்தையும் கணவர் காகிதத்தில் எடுத்துக் கொடுத்தார். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பென்சிலும் கையுமாக வினாத்தாள் திருத்துவதுபோல் படித்தார். படித்துவிட்டு எதற்கும் பிடிகொடுக்கவில்லை. வேகப் படகைக் காட்டினால், "நாலு மணி நேரம் இப்படி இடிச்சுக்கிட்டு உக்காந்தே இருக்கணுமோ?" என்பார். என்னுடையதைக் காட்டினால், "இடையில கரைக்கு வரவே மாட்டானா?" என்பார். பெரிய படகைக் காட்டினால் மட்டும், "ம்... பிள்ளைக்குப் பிடிச்சிருக்கோ" என்று பேத்தியைப் பார்ப்பார். அவ்வளவுதான்.

எனக்குப் பொறுமை என்பது பிறக்கும்போதே கொஞ்சம் குறைவு. "திமிங்கலத்தைப் பாக்கக் கடலுக்குத்தான் போகணும். கரையில நின்னா பாக்க முடியும்?" என்று ஒருநாள் கத்திவிட்டேன். அம்மா உடனே, "ஏட்டி, சத்தம் போடாத. சீட்டுப் போட்டுருவோம்" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலயம் முடிந்து, மத்தியானச் சாப்பாடும் ஆனபிறகு போட்டோம். அப்பா எழுதிச் சுருட்டினார். அம்மா ஜெபித்தாள். கணவருக்கு நடுவிலேயே கொட்டாவி வந்துவிட்டது. மகள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். "பெரிய படகு" என்று அம்மா வாசித்ததும் பிள்ளை குதித்த குதியில் கிண்ணம் உருண்டது. நானும் கணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்பா, "சரி, கர்த்தர் சித்தம்" என்று மிச்சச் சீட்டுகளைப் பொறுக்கினார். விறகடுப்பு போய் வெகுகாலம் ஆகிவிட்டது. கேஸ் அடுப்பில் காகிதம் கொளுத்தினால் அம்மா சும்மா விட மாட்டாள். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து என் கணவர் அவர் வழக்கப்படி ஒரு காரியம் செய்தார். அப்பா வீட்டுக்கு வந்து, "மாமா, அந்தப் பெரிய படகு ரொம்ப மெதுவாம். வேகப் படகுக்கே சொல்லி வச்சிட்டேன். நாளைக்கு உறுதி பண்ணணும். ஆண்டவர் இதுக்கெல்லாம் கோவிச்சுக்க மாட்டாரு" என்றார்.

அப்பா சிரித்தார். "நல்லது மாப்பிள. நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க. எனக்கு முட்டி சரியில்ல. அம்புட்டு நேரம் உக்கார முடியாது."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "உங்களுக்காகத்தான் இம்புட்டும் செய்யுதேன். இப்ப வரமாட்டேங்கிய?" என்றேன். அவர் எழுந்து போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்துவிட்டார். முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற அவரைப் பார்த்து, ஆசையெல்லாம் சும்மா, வயசாகிவிட்டால் மனுஷருக்கு எதிலும் பிடிப்பு இல்லாமல் போய்விடும் போல என்று நினைத்தேன். கணவரிடம், உறுதி செய்வதை மட்டும் சனிக்கிழமை வரை தள்ளிப்போடச் சொன்னேன்.

சனிக்கிழமை அம்மா வீட்டுக்குப் போய்த் துணி துவைத்துக் கொடுப்பது என் வேலை. மெஷினில் போடுமுன் அப்பாவின் சட்டைப்பைகளைத் துழாவினேன். அவர் பையில் எப்போதும் ஒரு பேனாவாவது இருக்கும். அன்று கையில் வந்தது இரண்டு காகிதச் சுருள். பிரிக்கக் கூடாது என்ற சட்டம் நினைவுக்கு வந்தது. இத்தனை வயசுக்கு மேல் என்ன சட்டம் என்று பிரித்தேன்.

முதல் சீட்டில் "பெரிய படகு" என்று இருந்தது. இரண்டாவதிலும் "பெரிய படகு" என்றுதான் இருந்தது. அதே முத்து முத்தான எழுத்து.

முதலில் சிரிப்புதான் வந்தது. அம்மா அப்படி உருகி உருகி ஜெபித்தாளே, கண்ணைக்கூடத் திறக்காமல் பக்தியாக நின்றாரே மனுஷர் என்று துவைக்கிற இடத்திலேயே சிரித்தேன். பிறகுதான் ஏன் என்று தோன்றியது. அவர் மேஜையில் அந்த மூன்று காகிதங்களும் இருந்தன. இரண்டில் ஒரு கீறல்கூட இல்லை. பெரிய படகின் காகிதத்தில், கடைசிக்கு முந்தின வரியின் பக்கத்தில், சரியான விடைக்கு வாத்தியார்கள் போடுகிற மாதிரி சின்னதாக ஒரு பென்சில் டிக் இருந்தது. 'கீழ்த்தளத்தில் கழிப்பறை வசதி உண்டு' என்பதுதான் அந்த வரி. மற்ற இரண்டு படகிலும் அது கிடையாது.

அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வருஷமாக அவர் ஆலயத்தில் முன்வரிசையை விட்டுவிட்டுக் கதவோரக் கடைசி பெஞ்சில் உட்காருகிறார். நாங்குநேரியில் நடந்த சொந்தக்காரர் கல்யாணத்துக்கு, பஸ்ஸில் கூட்டமாக இருக்கும் என்று சொல்லி வராமல் இருந்துகொண்டார். எங்கேயாவது கிளம்புவதானால் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மனசு விட்டுப்போச்சு என்று ஒரு பெயர் வைத்து மூடிவிட்டேன். அடிக்கடி போக வேண்டியிருக்கிறது என்று மகளிடமும் மருமகனிடமும் சொல்ல வெட்கப்பட்டு, கடைசியில் ஆண்டவர் பெயரால் திருட்டுச் சீட்டு எழுதியிருக்கிறார். பாவமாக இருந்தது. என் மேலேயே எரிச்சலாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு இன்னொன்று தோன்றியது.

மெட்ராஸ்.

அன்றைக்கும் எழுதியவர் அவர்தான். மிச்சத்தை அடுப்பில் போட்டவரும் அவர்தான். அத்தனை வருஷம், அழுதபோதெல்லாம், கர்த்தர் அனுப்பினார் என்று நான் பிடித்துக்கொண்டிருந்த கயிறு என்ன ஆவது? ஏமாற்றப்பட்டதுபோல்தான் முதலில் இருந்தது. உண்மையைச் சொன்னால், அன்று பாதி நாள் அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் நடந்தது மட்டும் சரியாக ஞாபகம் இருக்கிறது. அந்த இரண்டு சீட்டையும் அம்மா பார்க்காத சமயத்தில் கேஸ் அடுப்பிலேயே கொளுத்தினேன். வீட்டுக்குப் போய்க் கணவரிடம், "சீட்டு விழுந்த பிறகு மாத்தக் கூடாது. பெரிய படகுதான்" என்றேன். "நீயே ஆமை வேகம்னு சொன்னியே?" என்றார். விஷயம் காதில் விழுந்ததும் அம்மா வரிந்துகட்டிக்கொண்டு வந்தாள். "ஜெபம் பண்ணி விழுந்த சீட்டை மாத்துததா? நடுக்கடல்ல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா யாரு பதில் சொல்லுதது?" அவள் எதிரே நிற்க என் கணவருக்குத் துணிச்சல் கிடையாது. பெரிய படகுக்கே சொன்னார். அப்பாவின் முட்டி வலி மறுநாளே குணமாகிவிட்டது.

மிரிஸ்ஸாவில் காலை ஆறரைக்குப் படகு துறையை விட்டது. கூட்டத்தைப் பற்றி எழுதியிருந்ததில் பொய்யே இல்லை. முட்டை, வாழைப்பழம், மஞ்சள் மிதவைச் சட்டை எல்லாம் கொடுத்தார்கள். அம்மா சொன்னபடியே கண்ணை மூடிக்கொண்டாள். கணவர் எஞ்சின் சத்தத்தைக் கேட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டே வந்தார். மேல்தட்டில் ஓர் இடம் பிடித்து உட்கார்ந்தோம். இரண்டு மணி நேரம் வெறும் தண்ணீர்தான். அப்பா இரண்டு தடவை "காத்து வாங்கிட்டு வாரேன்" என்று கீழே போய்வந்தார். மேலே இல்லாத காற்றா என்று கணவர் கேட்க வாயெடுத்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

மூன்றாவது தடவை அப்பா கீழே போன நேரம் பார்த்து மேல்தட்டு முழுவதும் ஓவென்று எழுந்தது. தூரத்தில் வெள்ளையாக ஒரு பீச்சல். எல்லாரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். என் மகள், "அம்மா, அம்மா" என்று கத்தினாள். நான் அதைப் பார்க்கவில்லை. படியில் கிடுகிடுவென்று இறங்கிக் கழிப்பறைக் கதவுக்கு முன்னால் நின்றேன். தட்டவும் கூச்சம், சும்மா நிற்கவும் முடியவில்லை. எட்டு ஒன்பது வருஷம் காத்திருந்து இப்படியா ஆக வேண்டும் என்று அழுகை முட்டியது.

கதவைத் திறந்து வந்தவர் என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்துபோயிற்று. "சீக்கிரம் வாங்கப்பா" என்று கையைப் பிடித்தேன். "பைய, பைய" என்றார்.

எஞ்சினை நிறுத்தியிருந்தார்கள். கீழ்த்தட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். டவுன் பஸ் நிற்கும்போது விடுகிற காற்றுச் சத்தம் போல ஒன்று, அதைவிடப் பலமடங்கு பெரிதாக, எங்களுக்கு நேர் எதிரே கேட்டது. திமிங்கலம் திரும்பவும் மேலே வந்திருந்தது. எல்லாரும் அந்தப் பக்கம் மேலே நிற்க, அது இந்தப் பக்கம், எங்கள் கண்ணுக்கு நேராக. நீலமும் சாம்பலும் கலந்த முதுகு வந்துகொண்டே இருந்தது, முடியவே இல்லை. கடைசியில் வால் எழும்பி, தண்ணீர் வழிய நின்று, சத்தமில்லாமல் உள்ளே போயிற்று.

அப்பா அழுதுகொண்டிருந்தார். துடைத்துக்கொள்ளவும் இல்லை. "தானாப் போகுது பாத்தியா மக்கா" என்றார். "யாரும் தள்ளிவிட வேண்டாம்."

மேலே இருந்தவர்கள் இந்தப் பக்கம் ஓடிவரும் சத்தம் கேட்டது. இப்போது கேட்காவிட்டால் எப்போதும் கேட்க மாட்டேன் என்று தோன்றியது.

"அப்பா, மெட்ராஸ் சீட்டு. அதுலயும் மூணுலயும் மெட்ராஸ்தான் எழுதுனீங்களா?"

கம்பியில் இருந்த என் கைமேல் அவர் கை வந்தது.

"மூணு இல்ல, நாலு" என்றார். "உனக்குக் கை நடுங்கிக்கிட்டு இருந்துச்சு. ஒண்ணு கீழ விழுந்துட்டா என்ன செய்யன்னு கூட ஒண்ணு போட்டேன்."